வீட்டு வரைபட அனுமதி: மனையின் அளவு எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறையிலான கட்டட அனுமதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் மட்டுமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீட்டைக் கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். அதிகாரி முன்கூட்டி வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. கட்டி முடித்தபின் பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை.

இந்தச் செய்தியைப் படித்த பலர், இனி மனையை அளக்க வேண்டியதில்லை, பத்திரத்தில் உள்ள அளவை வைத்துப் படம் போட்டால் போதும் என்று எண்ணிக்கொண்டார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. முன்பு ஓர் அதிகாரி மனையில் வந்து நின்று டேப் பிடித்துப் பார்த்தபோது வெளிப்பட்டிருக்கக்கூடிய பிழை, இப்போது வெளிப்படாமலேயே அனுமதிக்குள் புகுந்துவிடும். பிழை என்று பின்னாளில் தெரியவந்தால் பொறுப்பு சான்று கொடுத்த உரிமையாளருடையது. ஆகவே மனை வரைபடம் என்பது என்ன, அதில் எழுதப்படும் அளவு எங்கிருந்து எடுக்கப்படுகிறது, அந்த அளவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன செய்வது என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று படங்கள்

1. புலப்படம். எஃப்.எம்.பி. என்று வழக்கில் சொல்லப்படுவது இதுதான். வருவாய்த்துறையின் நில அளவைப் பிரிவு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வைத்திருக்கும் அதிகாரபூர்வப் படம் இது. புலத்தின் எல்லைக் கற்கள், அவற்றுக்கு இடையிலான நீளங்கள், உட்பிரிவுக் கோடுகள் ஆகியவை இதில் இருக்கும்.

2. இட அமைவுப் படம். அருகிலுள்ள தெருக்கள், சாலைச் சந்திப்பு, கோயில், பள்ளி போன்ற அடையாளங்களோடு மனை எங்கே இருக்கிறது என்று காட்டுவது. பொறியாளர்கள் இதை டோப்போ பிளான் என்பார்கள்.

3. மனை வரைபடம். சைட் பிளான் என்று சொல்வது இதையே. மனையின் எல்லைக்குள் கட்டடம் எந்த இடத்தில் நிற்கப்போகிறது, நான்கு பக்கமும் எவ்வளவு காலியிடம் விடப்படுகிறது, முன்னால் எத்தனை அடிச் சாலை இருக்கிறது என்று காட்டும் படம். இதை அரசு தருவதில்லை. பதிவுபெற்ற பொறியாளரோ கட்டட வடிவமைப்பாளரோ வரைந்து கையொப்பமிட வேண்டும்.

முதலாவது படம் நிலத்தைப் பற்றியது. மூன்றாவது படம் அந்த நிலத்தின்மேல் வரப்போகும் கட்டடத்தைப் பற்றியது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கேட்கும் செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்), தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண்) போன்ற கணக்குகள் எல்லாம் மூன்றாவது படத்தில்தான் சரிபார்க்கப்படுகின்றன. ஆனால் அந்தப் படத்தின் வெளிக்கோடு முதலாவது படத்தோடு பொருந்தாவிட்டால், உள்ளே போட்ட கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

அளவு எழுதப்பட்டிருக்கும் மூன்று இடங்கள்

ஒரே மனைக்கு மூன்று அளவுகள் உண்டு: பத்திரத்தில் ஒன்று, வருவாய்ப் பதிவேட்டில் ஒன்று, தரையில் ஒன்று. மூன்றும் ஒரே எண்ணாக இருக்கும் மனையைக் காண்பது அரிது.

பத்திரத்தில் சொத்து விவரம் என்ற பகுதியில், 'கிழமேல் ஜாதியடி வடபுறம் 40, தென்புறம் 40. தென்வடல் ஜாதியடி கீழ்புறம் 60, மேல்புறம் 60. ஆக 2,400 சதுர அடி' என்ற முறையில் அளவு எழுதப்பட்டிருக்கும். ஜாதியடி என்பது பத்திர வழக்கில் அடி. அதற்கு முன்னதாக நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை விவரம், வரும். இந்த எல்லை விவரத்தைப் படிப்பதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'மனை எண் 14-க்கு மேற்கு, 24 அடி அகலப் பொதுச் சாலைக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால், மனை எண் 14 மேற்கில் இருக்கிறது என்று பொருளல்ல. நம் மனை அதற்கு மேற்கில் இருக்கிறது, அதாவது 14-ஆம் மனை நமக்குக் கிழக்கே இருக்கிறது. இதைத் தலைகீழாகப் படித்துப் படம் போட்டால் சாலை பின்பக்கம் போய்விடும். எல்லை விவரத்தைப் புலப்படத்தோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். பார்க்காமல் விட்டால்தான் சிக்கல்.

வருவாய்ப் பதிவேடு என்பது கிராமப்புறத்தில் பட்டா, ஏ-பதிவேடு (கிராமத்தின் சர்வே எண்வாரி நிலப் பதிவேடு), புலப்படம் ஆகியவையும், நகரப்புறத்தில் நகர நில அளவைப் பதிவேடும் ஆகும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அலகில் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடி, 2.47 சென்ட். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை சரியாக 2.23 ஏர் வரவேண்டும். ஆனால் பழைய கிராமப் பதிவேடுகளில் பரப்புகள் அரை ஏர் அளவுக்கு முழுமையாக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அரை ஏர் என்பது 538 சதுர அடி. விளைநிலத்துக்கு இந்த முழுமையாக்கம் பொருட்டல்ல. வீட்டுமனைக்கு அது ஒரு படுக்கையறையை விடப் பெரியது. பட்டாவில் 2.00 ஏர் என்று இருந்தால் அது 2,153 சதுர அடிதான்; பத்திரத்தின் 2,400-லிருந்து கிட்டத்தட்ட 250 சதுர அடி குறைவு. இடம் எங்கும் போகவில்லை, எழுத்தில்தான் குறைந்திருக்கிறது என்றாலும், பரிசீலனையில் அந்த எழுத்துதான் கணக்கில் வரும்.

பழைய புலப்படங்களில் இன்னொரு பொறி அலகு பற்றியது. ஆங்கிலேயர் காலத்து அளவைச் சங்கிலி 66 அடி நீளம். அதில் 100 லிங்குகள். ஆகவே ஒரு லிங்க் 0.66 அடி. பழைய படத்தில் ஒரு பக்கத்தின்மேல் 60 என்று எழுதியிருந்தால் அது 60 அடியாக இல்லாமல் 60 லிங்காக, அதாவது 39.6 அடியாக இருக்கலாம். மெட்ரிக் முறையில் மாற்றப்பட்ட படங்களில் அதே இடத்தில் மீட்டர் இருக்கும். எந்த அலகில் வரையப்பட்ட படம் என்று தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல், இணையத்தில் பதிவிறக்கி அச்சிட்ட புலப்படத்தின்மேல் ஸ்கேல் வைத்து நீளம் எடுப்பதும் தவறு. அச்சிடும்போது படம் சுருங்கும், விரியும். எழுதப்பட்ட எண்ணே அளவு, கோடு அல்ல.

தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டம், வழக்கில் யு.டி.ஆர்., பல புலங்களுக்குப் புதிய எண்களையும் உட்பிரிவுகளையும் தந்தது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தில் பழைய சர்வே எண்ணோ, அதற்கும் முந்தைய பைமாஷ் எண்ணோ இருக்கலாம். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்பதை வருவாய்த்துறைப் பதிவேட்டைக் கொண்டு உறுதி செய்தபிறகே படம் போட வேண்டும்.

மூன்றாவது அளவு தரையில் இருக்கிறது. அது சர்ச்சைக்கு இடமில்லாதது என்று தோன்றும். ஆனால் டேப்பை எங்கிருந்து பிடிப்பது என்பதிலேயே கேள்வி எழுகிறது. சுற்றுச்சுவருக்கு உட்புறமாகப் பிடித்தால் இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர் இருக்கும் மனையில் ஒன்றரை அடி குறைந்துவிடும். அந்தச் சுவர் நம்முடையதா, பக்கத்து மனைக்காரருடையதா, பொதுச் சுவரா என்பதைப் பொறுத்தே எல்லைக்கோடு சுவரின் வெளிமுகத்திலா, உள்முகத்திலா, நடுவிலா என்று முடிவாகும். எல்லைக் கல் இருந்தால் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும், சுவரிலிருந்து அல்ல.

நான்கு பக்கம் சரியாக இருந்தாலும் மனை கோணலாக இருக்கலாம்

பெரும்பாலான மனை வரைபடங்களில் நேரும் பிழை இங்கேதான் பிறக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். நான்கு பக்க நீளங்களை மட்டும் வைத்து ஒரு நாற்கரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்க முடியாது. கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் நான்கு சட்டங்களின் நீளமும் மாறாமலே கட்டில் சாய்வதைப் பார்த்திருப்போம். மனையும் அப்படித்தான். குறைந்தது ஒரு மூலைவிட்டத்தையாவது அளந்தால்தான் வடிவம் உறுதிப்படும். இரண்டையும் அளந்தால் அளவில் பிழை இருக்கிறதா என்றும் தெரியும்.

40-க்கு 60 அடி மனை உண்மையிலேயே செவ்வகமாக இருந்தால் அதன் இரு மூலைவிட்டங்களும் 72.1 அடி வரவேண்டும். ஒன்று 75 அடியும் மற்றது சுமார் 69.1 அடியும் வந்தால், நான்கு பக்கங்களும் அப்படியே இருந்தும் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். பரப்பு பெரிதாகக் குறையாது. 2,400-க்குப் பதில் ஏறத்தாழ 2,391 சதுர அடி இருக்கும். ஒன்பது சதுர அடிதானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் மனையின் முன் எல்லைக்கோடு, நீளப் பக்கத்துக்குச் செங்குத்தாக இராமல், 40 அடி அகலத்துக்குள் மூன்றரை அடி சாய்ந்துவிடுகிறது.

இதன் விளைவை முன்பக்கத்தில் பாருங்கள். முன்புறம் 5 அடி விட வேண்டிய மனை என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் பத்திரத்தை நம்பி மனையைச் செவ்வகமாக வரைந்து, 33 அடி அகலமுள்ள வீட்டை அதில் நேராக வைக்கிறார். வரைபடத்தில் முன்புறம் முழுவதும் 5 அடி இருக்கிறது. தரையில் ஒரு மூலையில் 5 அடி விட்டுக் கொத்தனார் கயிறு கட்டினால், வீட்டின் மறு மூலையில் இருப்பது சுமார் 2 அடிதான். விதிமீறல் என்பது இப்படித்தான், யாரும் விதியை மீற நினைக்காமலேயே, அடித்தளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. மூலைவிட்டம் தெரிந்திருந்தால் வீட்டை மூன்று அடி உள்ளே தள்ளியோ, முன்சுவரை எல்லைக்கு இணையாகச் சாய்த்தோ காகிதத்திலேயே தீர்த்திருக்கலாம். அதற்கு அரை மணி நேர வேலையே ஆகும்.

அனுமதிபெற்ற மனைப்பிரிவில் வாங்கிய மனைக்கு இந்தச் சிக்கல் வராது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் ஒரு வரிசையில் 40 அடி அகலமுள்ள 10 மனைகள் இருந்தால் வரிசையின் நீளம் 400 அடி வேண்டும். தரையில் 397 அடிதான் இருக்கிறது என்றால், முதலில் வாங்கி வேலி போட்டவர்கள் தத்தம் 40 அடியை எடுத்துக்கொள்ள, குறையும் 3 அடி கடைசி மனையில் வந்து விழும். சில இடங்களில் அந்தக் குறை சாலையின்மேல் தள்ளப்பட்டு, 24 அடிச் சாலை தரையில் 21 அடியாக நிற்கும்.

அளவுகள் முரண்படும்போது

பரிசீலனையில் பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறை, பத்திரம், பட்டா, தரை ஆகிய மூன்றில் எது குறைவோ அதையே மனையின் பரப்பாகக் கொள்வது. இதன் பொருள், எழுத்தில் உள்ள குறைகூடக் கட்டடத்தின் அளவைக் குறைக்கும் என்பதே. அடுக்குமாடி அல்லாத கட்டடங்களுக்கான அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2. ஆகவே நிலத்தில் 100 சதுர அடி குறைந்தால் அனுமதிக்கத்தக்க தளப்பரப்பில் 200 சதுர அடி குறைகிறது.

முரண்பாட்டின் தன்மையைப் பொறுத்துத் தீர்வும் வேறுபடும்:

1. பட்டாவில் மட்டும் குறைவு, பத்திரமும் தரையும் ஒத்திருக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலோ திருத்தமோ கோர வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் தனிப்பட்டாவும் உட்பிரிவு எண்ணும் பெற்றபிறகு படம் போடுவதே நல்லது. ஏனென்றால் உட்பிரிவுக் கோடு இல்லாத புலப்படத்தில் நம் மனை எது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது.

2. பத்திரத்தில் எழுத்துப் பிழை. விற்றவரைக் கொண்டு பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். விற்றவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேட வேண்டிவரும். தள்ளிப்போடுவதில் உள்ள இடர் இது.

3. தரையில் குறைவு. அரசு நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்து காட்டக் கோரிக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். இதை இப்போது இணையவழியிலும் செய்யலாம். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்த பிறகே அளவை நடக்கும். டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு வரும் தனியார் அளவையாளர் துல்லியமாக அளந்து தருவார்; வரைபடம் போடுவதற்கு அது மிகவும் உதவும். ஆனால் அண்டை வீட்டார் மறுத்தால், 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்கீழ் செயல்படும் நில அளவரின் பதிவுக்கு உள்ள மதிப்பு தனியார் படத்துக்கு இல்லை.

4. பரப்பும் நான்கு மாலும் முரண். எல்லை விவரத்துக்கும் பரப்புக்கும் முரண்பாடு வந்தால் எல்லை விவரத்துக்கே முன்னுரிமை என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் பொதுவிதி. இருந்தாலும் வரைபடப் பரிசீலனை அலுவலகம் உரிமை வழக்கைத் தீர்க்கும் இடமல்ல. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது: மனை, அனுமதிபெற்ற மனைப்பிரிவில் உள்ளதா? இல்லையென்றால், 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனை செய்யப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இல்லாத மனைக்குக் கட்டட அனுமதி கோருவதில் பயனில்லை.

வரைபடத்தில் என்னென்ன தெரிய வேண்டும்

வடக்குக் குறி, மனையின் நான்கு பக்க நீளங்களும் மூலைவிட்டமும், சுற்றியுள்ள சர்வே எண்கள், ஏற்கனவே உள்ள கட்டடம், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு, மேலே செல்லும் மின்கம்பி ஆகியவை இடம்பெற வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மனையின் எல்லை தடித்த கறுப்புக் கோடாகவும், புதிதாகக் கட்டுவது சிவப்பாகவும், இடிக்கப்போவது மஞ்சள் கோடிட்டும் காட்டப்படும்.

சாலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாலையின் அகலத்தைப் பத்திரத்தில் உள்ளபடி எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. மனைக்கு முன்னால் தரையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அதையே காட்ட வேண்டும். ஏனென்றால் எவ்வளவு உயரம் கட்டலாம், முன்புறம் எவ்வளவு விட வேண்டும் என்பவை சாலை அகலத்தோடு இணைந்தவை. சாலை விரிவாக்கக் கோடு மனைக்குள் வந்தால், அந்தப் பகுதியைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும். செட்பேக் அந்தப் புதிய கோட்டிலிருந்துதான் தொடங்கும். மனைக்குச் செல்லும் வழி அரசுப் பதிவேட்டில் பொதுச் சாலையாக இல்லாமல் தனியார் நடைபாதையாக இருந்தால், அதைச் சாலை என்று குறித்து அனுமதி வாங்குவது பின்னாளில் வாசலையே அடைத்துவிடக்கூடிய தவறு.

அனுமதி கிடைத்தபின்

கையில் வந்த அனுமதி, இந்தப் படத்தில் காட்டியபடி கட்டலாம் என்று மட்டுமே சொல்கிறது. மனை யாருடையது என்றோ, எல்லை எங்கே என்றோ அது உறுதி சொல்வதில்லை. பட்டாவே தனித்த உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்க, கட்டட அனுமதிக்கு அந்தத் தகுதி எப்படி வரும்? தவறான அளவின்மேல் பெற்ற அனுமதி ரத்தாகலாம். படத்துக்கு மாறாகக் கட்டியது கண்டறியப்பட்டால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின்கீழ் பணி நிறுத்தம், பூட்டி முத்திரையிடல், இடிப்பு வரை நடவடிக்கை போகலாம். வங்கிக் கடன் தருவதற்கு முன் மதிப்பீட்டாளர் வந்து அளக்கும்போதும், வீட்டை விற்கும்போதும் இதே முரண் மீண்டும் எழும்.

அளவைத் தரைக்கு மாற்றும் நாள் கடைக்கால் தோண்டும் நாள். அன்று காலை சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன், அனுமதிபெற்ற மனை வரைபடத்தின் அச்சுப் பிரதி கொத்தனாரின் கையிலும் பொறியாளரின் கையிலும் இருக்க வேண்டும். முதலில் நான்கு எல்லைக் கற்களையும் கண்டு, மனையின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து படத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு கட்டடத்தின் நான்கு மூலைகளுக்கும் முளை அடித்து, அதன் மூலைவிட்டங்களையும் அளந்து, ஒவ்வொரு முளையிலிருந்தும் அருகிலுள்ள எல்லைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி, தேதியிட்டுப் பொறியாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். எண்கள் ஒத்துவரவில்லை என்றால் அன்று மண்வெட்டியை எடுக்க வேண்டாம். முளையைப் பிடுங்கி மாற்றி அடிப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.